உம்மா வர மறுக்கிறார்

கேள்வி: எங்கள் ஊருக்கு நடமாடும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் வருகிறதாம். உம்மாவுக்கு 52 வயது. "நோயே இல்லாம எதுக்கு?" என்கிறார். வெட்கமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு சகோதரி, மருதமுனை

பதில்: நோய் தெரியாதபோது செய்வதற்குத்தான் இந்தப் பரிசோதனையே. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றி, கருப்பைக் கழுத்தில் புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 10, 15 வருடங்களாவது எடுக்கும். அதற்குள் மாற்றத்தைக் கண்டுபிடித்தால் புற்றுநோய் வராமலே தடுத்துவிடலாம்.

உம்மாவின் வெட்கத்தைக் குறை சொல்லாதீர்கள். பரிசோதிப்பது பெண்தானா, திரை போட்ட தனி இடம் உண்டா என்று குடும்ப நல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டுச் சொல்லுங்கள். படுத்திருக்க, சிறு தூரிகையால் கருப்பைக் கழுத்தைத் தடவிக் கலங்களை எடுப்பார்கள். சில நிமிட வேலை. கொஞ்சம் அசௌகரியம் இருக்கும், அவ்வளவுதான். மாமியையோ ராத்தாவையோ துணைக்கு அழைத்துப் போங்கள்.

எனக்குள்ள கவலை வேறு. முகாம் போய்விடும், முடிவு பிறகுதான் வரும். அதை யார், எங்கே தருவார்கள் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிவை வாங்காத பரிசோதனை, செய்யாததற்குச் சமம்.

முகாம் தவறினாலும் பரவாயில்லை. 1996 முதல் நாடெங்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் இலவசமாக நடக்கின்றன. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் நாள் கேளுங்கள். வீட்டில் 6ஆம் தரத்துப் பெண் பிள்ளை இருந்தால், 2017 முதல் கொடுக்கப்படும் எச்.பி.வி. தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள்.

மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ, மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.