தேன்சிட்டைப் பார்ப்போம், கூட்டைக் காப்போம்

செம்பருத்திப் பூவில் ஒரு சின்னப் பறவை தேன் குடிக்கிறது. அலகு வளைந்திருக்கிறது. அது தேன்சிட்டு. நீளம் சுமார் 10 செ.மீ. தான்.

சிலர் இதை ஹம்மிங் பறவை என்பார்கள். அது வேறு இனம். அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. அது பறந்தபடியே ஓரிடத்தில் நின்று தேன் குடிக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து குடிக்கும்.

தேன்சிட்டின் கூடு தொங்கும் பை போல இருக்கும். நார், சருகு, சிலந்தி நூல் கொண்டு பெண் பறவை கட்டும். பெரும்பாலும் 2 முட்டை இடும். சுமார் 2 வாரம் அடைகாக்கும்.

இப்போது பலரிடம் கைபேசி இருக்கிறது. படம் எடுக்கலாம். ஆனால் கூட்டின் அருகே போகாதீர்கள். தாய் பயந்து பறந்துவிடும். முட்டை குளிர்ந்து போகும். மறைக்கும் கிளையை விலக்காதீர்கள். காக்கை கண்டுகொள்ளும்.

பூச்செடிக்குச் சற்றுத் தள்ளி அசையாமல் உட்காருங்கள். காலை வெளிச்சம் நல்லது. பறவை தானே வரும். அப்போது படம் எடுங்கள்.

கூட்டை அழிப்பதும் முட்டையை எடுப்பதும் குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கிறது.

படம் நாளைக்கும் எடுக்கலாம். குஞ்சு போனால் திரும்ப வராது.

பதில் சொல்லுங்கள்
1. தேன்சிட்டு எதைக் கொண்டு கூடு கட்டுகிறது?
2. கூட்டின் அருகே ஏன் போகக் கூடாது?