கிளஸ்டருக்கு நோடு சேர்க்கும் முன்: எட்டு நம்பிக்கைகளும் உண்மைகளும்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து போய்ப் பொறியியலும் பிசிஏவும் படிக்கும் பிள்ளைகளிடம் இன்று வேலைக்கான நேர்காணலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, “குபர்னெட்டிஸ் தெரியுமா?” என்பது. பல கணினிகளை (இவைதான் நோடுகள்) ஒரே கிளஸ்டராகக் கட்டி, அவற்றின் மேல் கன்டெய்னர்களை, அதாவது தனித்தனியாக அடைக்கப்பட்ட செயலிகளை, ஓட்டும் மென்பொருள் அது. கூகுள் 2014இல் அறிவித்தது. முதல் முழுப் பதிப்பு 2015 ஜூலையில் வந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தலாம். இருந்தும் அதைத் தொட்டுப் பார்க்காமலே படிப்பை முடிக்கும் மாணவர்கள் ஏராளம். அவர்களைத் தடுப்பவற்றில் பெரும்பங்கு தவறான நம்பிக்கைகளுக்கு உண்டு. துணிந்து தொட்டவர்களைச் சறுக்கவைப்பதும் வேறு சில தவறான நம்பிக்கைகளே. இரண்டு வகையையும் பார்ப்போம்.

நம்பிக்கை 1: கிளஸ்டர் என்றால் பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம். பணம் கொட்ட வேண்டும்.

உண்மை: கற்றுக்கொள்ள மூன்று பழைய கணினிகள் போதும். குபர்னெட்டிஸை நிறுவ அதன் குழுவே தரும் குபேஅட்மின் என்ற கருவி, ஒவ்வொரு கணினியிலும் 2 ஜிபி ரேம் கேட்கிறது. கிளஸ்டரை நிர்வகிக்கும் கணினியில் மட்டும் இரண்டு சிபியு வேண்டும். குபர்னெட்டிஸையே சுருக்கி 2019இல் வந்தது கே3எஸ். 100 எம்பிக்கும் குறைவான ஒரே கோப்பு அது. வேலை செய்யும் நோடுக்கு 512 எம்பி ரேம் இருந்தாலே அது ஓடும். சர்வராக இருக்கும் கணினிக்கு 2 ஜிபி கொடுத்தால் நல்லது. அரசு கொடுத்த லேப்டாப்பும், கல்லூரி லேபிலிருந்து கழித்துவிட்ட கணினியும் இந்த வேலைக்குத் தாராளம். எல்லாம் ஒரே மாடலாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ராஸ்ப்பெர்ரி பை போன்ற ஆர்ம் பலகைகளையும் இன்டெல் கணினிகளையும் ஒரே கிளஸ்டரில் கலக்கலாம். ஓட்டப்போகும் கன்டெய்னரின் இமேஜ் இரண்டு வகைக்கும் கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை 2: அடிக்கடி கரண்ட் போகும் கிராமத்துக்கு இதெல்லாம் ஒத்துவராது.

உண்மை: இந்த மண்ணில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐடிஆர்சி நிதியுதவியோடு, வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. இன்டர்நெட் இணைப்பு வில்லியனூரில் இருந்தது. அங்கே செய்திகளைத் தமிழாக்கித் தொகுத்து, விஎச்எஃப் ரேடியோ வழியாகக் கிராமங்களில் இருந்த கணினிகளுக்கு அனுப்பினார்கள். மின்சாரத்தை நம்ப முடியாத இடங்களில் சூரிய ஒளித் தகடுகளும் பேட்டரியும் வைத்தார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயர முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் போய்ச் சேர்ந்தது. ஒரு கிராமத்தைச் சேர்ப்பதற்கு முன் நிபந்தனைகள் இருந்தன: இடத்தை ஊர் தர வேண்டும், நடத்த ஊரிலிருந்தே தன்னார்வலர்கள் வர வேண்டும், எல்லாச் சாதியினரும் உள்ளே வரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும்.

அது கன்டெய்னர் கிளஸ்டர் இல்லை. ஆனாலும் ஒரு மையம், அதோடு ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும் கணுக்கள், சேர்ப்பதற்கு முன் நிபந்தனை, மின்வெட்டுக்கு முன்கூட்டியே ஏற்பாடு என்று இன்றைய கிளஸ்டருக்கு வேண்டிய ஒழுங்கு அத்தனையும் அங்கே இருந்தது. இன்று வீட்டிலோ லேபிலோ கிளஸ்டர் கட்டுபவருக்கு வேலை இன்னும் எளிது. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. மூடியை மூடினாலும் தூங்காதபடி அமைப்பை மாற்றிவிட்டால் போதும். பலர் மறப்பது ரவுட்டரையும் ஸ்விட்சையும்தான். கணினிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரவுட்டர் அணைந்தால் கிளஸ்டர் சிதறும். ஆகவே முதல் யுபிஎஸ் அதற்கு.

நம்பிக்கை 3: கன்டெய்னர் ஒரு குட்டி விர்ச்சுவல் மெஷின். கன்டெய்னர் கருவியான டாக்கரோ செத்துப்போயிற்று.

உண்மை: விர்ச்சுவல் மெஷினுக்குள் தனி இயங்குதளம் ஓடுகிறது. கன்டெய்னருக்குள் அது இல்லை. எல்லாக் கன்டெய்னர்களும் அந்தக் கணினியின் ஒரே லினக்ஸ் கெர்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றை மற்றொன்று பார்க்காதபடி மறைப்பதும், எவ்வளவு ரேம், எவ்வளவு சிபியு என்று அளந்து கொடுப்பதும் கெர்னலின் வேலை. குறைந்த ரேமில் பல கன்டெய்னர்கள் ஓடுவது இதனால்தான். கெர்னலில் ஓட்டை இருந்தால் எல்லாக் கன்டெய்னருக்கும் ஆபத்து வருவதும் இதனால்தான்.

டாக்கர் வதந்திக்கு வலுச் சேர்த்தது 2022 மே மாதம் வந்த குபர்னெட்டிஸ் 1.24. டாக்கரோடு நேரடியாகப் பேசும் இடைப்பகுதி அதில் நீக்கப்பட்டது. டாக்கரில் கட்டிய இமேஜ்கள் கன்டெய்னர்-டி போன்ற மாற்றுகளில் அப்படியே ஓடுகின்றன. படித்த டாக்கர் பாடம் வீணாகவில்லை.

நம்பிக்கை 4: நோடு சேர்ப்பது ஒரு வரிக் கட்டளை. ஒட்டினால் முடிந்தது.

உண்மை: கட்டளை ஒரு வரிதான். அது பலிப்பதற்கு நான்கு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்.

முதலாவது பெயர். லேப் கணினிகளை ஒரே டிஸ்க் இமேஜிலிருந்து குளோன் செய்திருப்பார்கள். அப்போது எல்லாவற்றுக்கும் ஒரே ஹோஸ்ட்நேம் இருக்கும். ஒவ்வொரு நோடுக்கும் தனிப் பெயர், தனி மேக் முகவரி, தனி அடையாள எண் வேண்டும்.

இரண்டாவது நேரம். பழைய கணினியின் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல ஆண்டு பின்னால் போய் நிற்கும். கிளஸ்டரின் சான்றிதழ்கள் தேதியைப் பார்ப்பவை. “இது இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை” என்று சொல்லி இணைப்பை மறுக்கும். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் வட்ட பேட்டரியை மாற்றுங்கள். நேரம் தானாகச் சரியாகும்படி என்டிபியை இயக்குங்கள்.

மூன்றாவது முகவரி. ரவுட்டர் மறுபடி எழும்போது சர்வருக்கு வேறு ஐபி கொடுத்துவிட்டால், மற்ற நோடுகள் அதைத் தேடித் தவிக்கும். சர்வரின் ஐபியை நிலையாக வையுங்கள். 6443 என்ற போர்ட் நோடுகளுக்குத் திறந்திருக்க வேண்டும்.

நான்காவது டோக்கன். குபேஅட்மின் தரும் சேர்க்கை டோக்கன் 24 மணி நேரத்தில் காலாவதியாகும். நேற்று குறித்துவைத்த கட்டளை இன்று வேலை செய்யாவிட்டால் மனம் தளர வேண்டாம், புதிய டோக்கன் எடுத்தால் போதும்.

நம்பிக்கை 5: நோடு கூடக்கூட கிளஸ்டரின் பாதுகாப்பும் கூடும்.

உண்மை: வேலை செய்யும் நோடுகளுக்கு இது ஓரளவு பொருந்தும். எது எங்கே ஓட வேண்டும் என்று முடிவெடுக்கும் கண்ட்ரோல் பிளேன் நோடுகளுக்குப் பொருந்தாது. கிளஸ்டரின் நிலை முழுவதும் பொதுவாக எட்சிடி என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. அதில் ஒரு மாற்றம் பதிவாகப் பெரும்பான்மை உறுப்பினர்களின் சம்மதம் வேண்டும். மூன்று பேர் இருந்தால் இருவர் சம்மதம் போதும், ஆகவே ஒருவர் விழலாம். நான்கு பேர் இருந்தால் மூவர் வேண்டும், அப்போதும் ஒருவர்தான் விழலாம். ஐந்து பேர் இருந்தால் இருவர் விழலாம். இரண்டு பேர் மட்டும் இருந்தால் இருவருமே வேண்டும். ஒருவர் விழுந்தாலே முடிவெடுப்பது நின்றுவிடும். “ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும்” என்ற எண்ணம் இங்கே நிலைமையை மோசமாக்குகிறது.

பெரும்பான்மை போன பிறகு ஏற்கெனவே ஓடும் கன்டெய்னர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். புதிதாக எதையும் தொடங்கவோ மாற்றவோ முடியாது. ஆகவே கண்ட்ரோல் பிளேன் ஒன்றாகவோ மூன்றாகவோ இருக்கட்டும். இரண்டு வேண்டாம்.

நம்பிக்கை 6: புது நோடு சேர்ந்ததும் சுமை தானாகப் பங்கிடப்படும்.

உண்மை: பாகூர் ஏரி நிரம்பியிருந்தாலும் மதகைத் திறந்தால்தான் வயலுக்குத் தண்ணீர். புது நோடும் அப்படித்தான். குபர்னெட்டிஸின் ஷெட்யூலர் புதிதாகத் தொடங்கும் பாட்களுக்கு (கன்டெய்னர்கள் ஓடும் அலகுகளுக்கு) மட்டுமே இடம் தேடும். பழைய நோடுகளில் ஓடிக்கொண்டிருப்பவற்றை எடுத்து மாற்றி வைக்காது. நோடைச் சேர்த்துவிட்டு “எதுவும் மாறவில்லையே” என்று கலங்குபவர்கள், அந்தச் செயலிகளை ரோல்-அவுட் முறையில் ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் புதியவை காலி இடத்தைத் தேடிப் போகும்.

நம்பிக்கை 7: ஒரு நோடு விழுந்தால் அடுத்த நொடியே எல்லாம் இன்னொன்றுக்கு மாறிவிடும். தரவும் கூடவே வரும்.

உண்மை: இரண்டு பாதியும் தவறு. பேச்சு மூச்சில்லாமல் போன நோடைக் கிளஸ்டர் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் ‘தயாரில்லை’ என்று குறிக்கும். அதன் மேல் இருந்த பாட்களை வேறிடத்தில் தொடங்க, இயல்பான அமைப்பில் மேலும் 5 நிமிடம் காத்திருக்கும். இரண்டு நிமிட மின்வெட்டில் எதுவும் நகராமல் இருப்பது கோளாறு இல்லை, அது அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

தரவு விஷயம் இன்னும் முக்கியம். கே3எஸ் தானாகத் தரும் சேமிப்பு, அந்தந்த நோடின் ஹார்டு டிஸ்கிலேயே இருப்பது. நோடு போனால் தரவும் அங்கேயே சிக்கும். டிஸ்க் பழுதானால் தரவும் போகும். பல நோடுகளில் பிரதி வைக்கும் லாங்ஹார்ன் போன்ற சேமிப்பு தனியாக நிறுவப்பட வேண்டும். அது இருந்தாலும் கிளஸ்டருக்கு வெளியே ஒரு பேக்கப் கட்டாயம். கூட்டுறவுச் சங்கத்தின் பால் கணக்கையோ, பள்ளியின் மதிப்பெண் பட்டியலையோ இதில் வைக்க நினைப்பவர்கள், பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பார்த்த பிறகே உண்மையான கணக்கை ஏற்றுங்கள்.

நம்பிக்கை 8: நம்ம லேப் கிளஸ்டரை யார் வந்து தாக்கப் போகிறார்கள்?

உண்மை: 2018 பிப்ரவரியில் ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சம்பவத்தை வெளியிட்டது. டெஸ்லா நிறுவனத்தின் குபர்னெட்டிஸ் நிர்வாகப் பக்கம் கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்துகிடந்தது. உள்ளே புகுந்தவர்கள் அங்கே கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அத்தகையவர்கள் நிறுவனத்தின் பெயர் பார்த்துத் தேடுவதில்லை. திறந்த கதவு எதுவானாலும் தானியங்கி நிரல்கள் கண்டுபிடிக்கும். கே3எஸ் சர்வரின் டோக்கன் தானாகக் காலாவதியாகாது. அதை வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். 6443 போர்ட்டை ரவுட்டரிலிருந்து வெளியுலகுக்குத் திறக்காதீர்கள்.

இந்த எட்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தீர்ப்பு கிடைக்கிறது. கிளஸ்டரின் தரத்தை நோடுகளின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. ஒன்றை வேண்டுமென்றே அணைத்துப் பாருங்கள். வேலை தொடர்ந்தால், தரவு பிழைத்தால், அது கிளஸ்டர். இல்லாவிட்டால் அது கம்பியால் இணைத்த சில கணினிகள் மட்டுமே. ஊருக்கு ஒரே ஒரு சிறு இணையதளம் வேண்டுமென்றால், ஒற்றைக் கணினியும் டாக்கர் கம்போஸும் நல்ல பேக்கப்பும் போதும். அங்கே கிளஸ்டர் தேவையே இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, மூன்று லேப்டாப்களில் இந்த மாதமே தொடங்குங்கள். சந்தேகம் வந்தால் புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது. பக்கத்தில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. இரண்டும் தமிழிலேயே கேள்வி கேட்கக்கூடிய இடங்கள். கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை: கழித்துப்போட்ட கணினிகளைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புமுன், அவற்றில் மூன்றை மாணவர்கள் கையில் கொடுங்கள்.