கொலு பொம்மைக்கு மறுவர்ணம்: பிரஷை எடுக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

கோவிலம்பாக்கம், மேடவாக்கம், கீழ்க்கட்டளைப் பக்கம் பழைய கொலு பொம்மை இருக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. நிறம் மங்கிய பொம்மைக்கு நாமே வர்ணம் தீட்டலாம் என்ற ஆசை நல்ல ஆசைதான். ஆனால் தூசு படிந்த பொம்மையை எப்போது வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளலாம்; தப்பாகப் பூசிய முகம் திரும்பி வராது. அரை மணி நேர அவசரத்தில் மூன்று தலைமுறைப் பொம்மை வீணானதைப் பல வீடுகளில் பார்த்தாகிவிட்டது. உங்கள் வீட்டில் அது நடக்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை

1. பொம்மை எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள். அடியில் சிதைந்த இடத்தில் செங்கல் நிறம் தெரிந்தால் சுடுமண். உள்வரை வெள்ளையாக இருந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தூக்கினால் கனமே இல்லையென்றால் காகிதக்கூழ். மற்ற எல்லா முடிவும் இதைப் பொறுத்தது.

2. ஈரமான பஞ்சுக்குச்சியால் (இயர் பட்) பொம்மையின் முதுகில் ஓரிடத்தைத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் அது தண்ணீரில் கரையும் பழைய வர்ணம். அந்தப் பொம்மையில் ஈரத்துணியே படக்கூடாது.

3. வேலை தொடங்கும் முன் போட்டோ எடுத்துவையுங்கள். முகம், நாமம், நகை, புடவைக் கரை ஒவ்வொன்றையும் கிட்டத்தில் எடுங்கள். வெள்ளை பிரைமர் ஏறிய பிறகு பழைய கோடு எங்கே ஓடியது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

4. தூசை மென்மையான உலர்ந்த பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். துணியால் அழுத்தித் துடைத்தால் மூக்கு நுனியிலும் விரல்களிலும் உள்ள வர்ணம்தான் முதலில் போகும்.

5. உடைந்த இடத்தை அதற்கேற்ற பொருளால் சரிசெய்யுங்கள். சுடுமண்ணுக்கு எம்-சீல் போதும். காகிதக்கூழுக்கு டிஷ்யூ பேப்பர், ஃபெவிகால், சாக்பீஸ் பொடி மூன்றையும் பிசைந்த கூழ்தான் பொருந்தும். போன விரலுக்கு உள்ளே மெல்லிய செம்புக் கம்பி கொடுத்தால் மறுபடி முறியாது.

6. வெள்ளை பிரைமரை மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். சுடுமண்ணும் பிளாஸ்டரும் வர்ணத்தைக் குடித்துவிடும். பிரைமர் இல்லாமல் பூசினால் திட்டுத் திட்டாகத் தெரியும்.

7. அக்ரிலிக் வர்ணம் வாங்குங்கள். கலக்கக் கேன் தண்ணீர் எடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்த பிறகு வெள்ளை பூத்து நிற்கும்.

8. உடல், உடை, நகை, கடைசியில் கண் என்ற வரிசையில் போங்கள். பொம்மைக் கலைஞர்கள் கண் திறப்பதைக் கடைசிக்கு வைப்பதில் கணக்கு இருக்கிறது: மற்ற வேலையில் கை பட்டு முகம் கெடாது.

9. இரண்டு கண்ணையும் சேர்த்தே வரையுங்கள். இரண்டுக்கும் வெள்ளை, பிறகு இரண்டுக்கும் கருவிழி, பிறகு மேல் இமைக்கோடு. ஒரு கண்ணை முழுசாக முடித்துவிட்டு மற்றதற்குப் போனால் பார்வை கோணிக்கொள்ளும். பூஜ்யம் நம்பர் பிரஷ் போதும். இமைக்கோட்டை மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே ஒரே இழுப்பில் விடுங்கள்.

10. நாமத்தையும் ஆயுதத்தையும் சரிபார்த்துப் போடுங்கள். பெருமாளின் மேல் வலக்கையில் சக்கரம், மேல் இடக்கையில் சங்கு. தென்கலை நாமத்தின் பாதம் மூக்கில் இறங்கும், வடகலையில் இறங்காது. வீட்டுப் பெரியவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

11. வர்ணம் ஒரு முழு நாள் காய்ந்த பிறகே வார்னிஷ் அடியுங்கள். முகத்துக்கு மேட், நகைக்கு மட்டும் பளபளப்பு. முகமெல்லாம் பளபளத்தால் விளக்கு வெளிச்சத்தில் கண்ணே தெரியாது.

12. பொம்மையின் அடியில் வருஷத்தையும் பூசிய பெயின்டின் வகையையும் பென்சிலில் எழுதிவையுங்கள். நாளைக்கு உங்கள் பெண்ணோ மருமகளோ டச்சப் செய்ய உட்காரும்போது ஊகிக்க வேண்டியிருக்காது.

செய்யக்கூடாதவை

1. எந்தப் பொம்மையையும் குழாயடியில் காட்டாதீர்கள். காகிதக்கூழ் ஊறி உப்பும், பிளாஸ்டர் மாவாகும், சுடுமண்ணில் பழைய வர்ணம் தோல் உரிவதுபோல் உரியும்.

2. பழைய வர்ணத்தை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பளபளப்பான வர்ணத்தின் தூசு குழந்தைகளின் மூளைக்கே ஆபத்து. தேய்க்காமல் மேலே பிரைமர் பூசி மூடிவிடுங்கள்.

3. கதவுக்கு அடித்து மிஞ்சிய எனாமலை முகத்தில் பூசாதீர்கள். கெட்டியாக வழிந்து மூக்கு, உதடு மடிப்பையெல்லாம் அடைத்துவிடும். பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

4. பார்பி பொம்மையை ஆண்டாளாக மாற்றும்போது நெயில் பாலிஷோ எனாமலோ தொடாதீர்கள். ரப்பர் போன்ற மென்மையான முகத்தில் அவை காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். அச்சடித்த பழைய கண்ணை நீக்க அசிட்டோன் எடுத்தால் பட் நுனியளவு போதும். கெட்டி பிளாஸ்டிக் பாகத்தில் பட்டால் உருகும்.

5. மரப்பாச்சிக்கு வர்ணம் பூசாதீர்கள். செம்மரத்தின் நிறமே அதன் அழகு. புது ஆடை கட்டி நகை போட்டு அலங்கரியுங்கள், உங்கள் கைவண்ணத்துக்கு அங்கே நிறைய இடமிருக்கிறது.

6. சன்னபட்ணா மரப்பொம்மையை சானிட்டைசரால் துடைக்காதீர்கள். அதன் பளபளப்பு அரக்குப் பூச்சு; ஆல்கஹால் பட்டால் கரைந்து மங்கிவிடும். உலர்ந்த பருத்தித் துணியே போதும்.

7. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் கம்பி முனையில் வர்ணம் பூசாதீர்கள். பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றி மெல்லியதாகத் தீட்டுங்கள். முனையில் வர்ணம் ஏறினாலோ தலை கனத்தாலோ ஆட்டம் நின்றுவிடும்.

8. சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையரும் பிடிக்காதீர்கள். மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரம் சிக்கி, முகம் வெடிக்கும். நிழலில் ஃபேன் காற்று போதும்.

9. மழை பெய்யும் மாலையில் வார்னிஷ் அடிக்காதீர்கள். புரட்டாசி ஈரக்காற்றில் வார்னிஷ் பால்போல் வெளுத்துவிடும். வானம் தெளிந்த காலை நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

10. சமையலறையில் தின்னர் பாட்டிலைத் திறக்காதீர்கள். அடுப்பிலிருந்து தீப்பிடிக்க அதன் ஆவியே போதும். ஏசி போட்டு மூடிய அறையும் வேண்டாம், பால்கனியில் உட்காருங்கள்.

11. தசாவதாரம் செட்டில் ஒரே ஒரு பொம்மையைப் புத்தம் புதுசாக்காதீர்கள். வராகர் மட்டும் மின்னினால் மற்ற ஒன்பதும் அழுக்காகத் தெரியும். வர்ணத்தில் துளி பழுப்பு கலந்து பக்கத்துப் பொம்மையின் நிறத்துக்கு இறக்குங்கள்.

12. பிரஷ் கழுவிய தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் கொட்டாதீர்கள். நம் பகுதித் தண்ணீர் போய்ச் சேருமிடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. வாளியில் ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் தங்கும் வண்டலைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

13. கொலு முடிந்ததும் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நம் தென்சென்னைப் புறநகரில் தண்ணீர் வந்தது நவராத்திரி கழிந்து பொம்மைகளைக் கட்டிவைத்த பிறகுதான். பழைய வேட்டியில் சுற்றி, பரணில் ஏற்றுங்கள். புது வர்ணம் பூசிய பொம்மையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றினால் ஒட்டிக்கொள்ளும்.

14. முகம் குறுக்கே வெடித்த பொம்மையில் கை பழகாதீர்கள். கொசப்பேட்டையில் பரம்பரையாகப் பொம்மை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டுங்கள். நவராத்திரி நெருங்கினால் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, அதனால் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். அதுவரை நீங்கள் கொலுவின் செட்டியார் கடை பொம்மையில் உள்ள தட்டு, மூட்டைகளில் டச்சப் தொடங்குங்கள். கை நிதானப்பட்ட பிறகு முகத்துக்கு வாருங்கள்.