நுரையீரலில் கண்ணாடித் தூளா?

கேள்வி: காய்ச்சல், இருமலுக்காக என் கணவருக்கு விழுப்புரத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். அறிக்கையில் ‘கிரவுண்ட் கிளாஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். நுரையீரலுக்குள் கண்ணாடித் தூள் போய்விட்டதா?
– வாசகி, திண்டிவனம்

பதில்: இல்லை அம்மா, பயப்படாதீர்கள். கண்ணாடி எதுவும் உள்ளே போகவில்லை. குளியலறை ஜன்னலில் பதிக்கும் தேய்த்த கண்ணாடியைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது. அதில் வெளிச்சம் வரும், உருவம் மங்கும். பழைய ஸ்டூடியோ கேமராக்களின் பின்புறம் படம் தலைகீழாக விழுந்ததும் அத்தகைய கண்ணாடியில்தான். தூளாக்கிய கண்ணாடி வேறு. பட்டத்து மாஞ்சாவில் பூசுவது அது.

ஸ்கேனில், காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகத் தெரியும். காற்றறைகளில் நீரோ அழற்சியோ சேர்ந்தால் அந்த இடம் சாம்பல் பூத்தாற்போல் மங்கும்; ஆனாலும் அதற்குள் ஓடும் ரத்தக்குழாய்களின் கோடுகள் தெரியும். அவையும் மறைந்துவிட்டால் அதற்கு ‘கன்சாலிடேஷன்’ என்று பெயர்.

2020, 2021-இல் கொரோனாவால் இந்தச் சொல் வீடுதோறும் பீதியைக் கிளப்பியது. உண்மையில் இது ஒரு நோயின் பெயரே அல்ல. மற்ற வைரஸ் நிமோனியா, இதயக் கோளாறால் நீர் கோப்பது, ரத்தக்கசிவு, சில மருந்துகளின் பக்கவிளைவு என எதுவும் காரணமாகலாம். மாதக்கணக்கில் கரையாத சிறு திட்டு, சிலருக்குத் தொடக்கநிலைப் புற்றுநோயாகவும் இருப்பதுண்டு. ஆகவே மருத்துவர் மறு ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

நுரையீரல் மருத்துவரிடம் அறிக்கையோடு ஸ்கேன் படங்களையும் காட்டுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். மூச்சு வாங்கினாலோ, ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம், உடனே அழைத்துச் செல்லுங்கள்.