சுரங்க ரயிலைச் சுத்தம் செய்யும் பெண்கள்



கூட்டிப் பெருக்குவதை "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்கிறவர்கள் நம்ம ஊரிலும் உண்டு, வீட்டிலும் உண்டு. இந்த மாதப் பாடத்தில் அந்த வேலையைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஆனால் வாசல் கூட்டுவதைப் பற்றி இல்லை. பூமிக்கு அடியில் ஓடுகிற ரயிலையும் அதன் நிலையங்களையும் கூட்டுவதைப் பற்றி. குழு உறுப்பினர்கள் பலர் ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு என்று டவுனுக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறோம். அதனால் இது நமக்குத் தெரிய வேண்டிய சங்கதிதான்.

உலகத்திலேயே முதல் சுரங்க ரயில் 1863-இல் லண்டனில் ஓடியது. அங்கே இரவில் சுரங்கத்துக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிறவர்களுக்கு 'ஃபிளஃபர்' என்று பெயர். 'ஃபிளஃப்' என்றால் துணியில் இருந்து உதிர்கிற பஞ்சு மாதிரியான தூசி. இந்த வேலையில் நீண்ட காலமாகப் பெரும்பாலும் பெண்களே இருந்தார்கள்.

பூமிக்கு அடியில் தூசி எங்கே இருந்து வருகிறது என்று கேட்பீர்கள். நம்மிடம் இருந்துதான்! தலைமுடி, உடம்பில் இருந்து உதிர்கிற தோல், துணி நூல் எல்லாம் சேர்ந்துதான் அது. சைக்கிள் பம்பை அழுத்தினால் காற்று தள்ளப்படுகிறது இல்லீங்களா, அதே மாதிரி குழாய் போன்ற சுரங்கத்துக்குள் ரயில் ஓடும்போது காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. அந்தக் காற்றில் பறக்கிற பஞ்சு தண்டவாளத்தின் மேலும் மின்சாரக் கம்பிகளின் மேலும் போய்ப் படிகிறது. பிரேக்கும் சக்கரமும் தேய்ந்து வருகிற இரும்புத் தூள் அதோடு சேர்கிறது. பொறி ஒன்று விழுந்தால் பஞ்சு பற்றிக்கொள்ளும்.

வேலை செய்ய நேரம் ரொம்பக் குறைவு. கடைசி ரயில் நள்ளிரவுக்குப் பிறகுதான் போகும், விடிகாலையில் முதல் ரயில் வந்துவிடும். இடையில் கிடைப்பது மூன்று, நான்கு மணி நேரம். 2016 முதல் சில பாதைகளில் வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ரயில் ஓடுவதால், அங்கே அந்த நேரமும் கிடையாது. லண்டனில் மின்சாரம் தலைக்கு மேல் வருவதில்லை, தரையில் தண்டவாளத்தை ஒட்டியே தனிக் கம்பிகளில் வருகிறது. மிதித்தால் உயிர் போய்விடும். அதனால் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று மேலே இருந்து சொன்னால் மட்டும் போதாது, கருவி வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும். உள்ளே போனவர்கள் எல்லோரும் வெளியே வந்தது உறுதியான பிறகே மறுபடி மின்சாரம் விடுவார்கள்.

சுத்தம் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் லண்டன்தான் பார்த்தது. 1987 நவம்பர் 18-ஆம் தேதி மாலை, கிங்ஸ் கிராஸ் என்ற நிலையம். அங்கே நகரும் படிக்கட்டு மரத்தால் ஆனது. சுரங்க நிலையங்களில் புகைபிடிக்க 1985-லேயே தடை வந்திருந்தது. இருந்தாலும் வெளியே போகிற அவசரத்தில் படிக்கட்டில் நின்றபடியே பற்றவைக்கிறவர்கள் இருந்தார்கள். அப்படி யாரோ போட்ட தீக்குச்சி படிக்கட்டின் இடுக்கு வழியாகக் கீழே விழுந்தது. கீழே கிரீஸும் பஞ்சும் காகிதமும் பல வருஷமாகச் சேர்ந்து கிடந்தன. முதலில் சின்ன நெருப்புதான். கால் மணி நேரத்தில் டிக்கெட் கூடம் வரை பாய்ந்துவிட்டது. 31 பேர் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கை 1988-இல் வந்தது. படிக்கட்டுக்கு அடியில் முழுமையாகச் சுத்தம் செய்யப்படவே இல்லை என்று அது சொன்னது. மொத்தம் 157 பரிந்துரைகள். பிறகு மரப் படிக்கட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள், கடைசிப் படிக்கட்டு 2014-இல்தான் போனது. கண்ணுக்குத் தெரிகிற மேல்படியைத் துடைக்க ஆள் இருந்தது, கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பக்கத்தை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

இன்னொரு ஆபத்து மூச்சில் இருக்கிறது. 2022-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் லண்டன் சுரங்க ரயிலின் தூசியைப் பரிசோதித்தார்கள். கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய இரும்புத் துகள்கள் அதில் இருந்தன. சுரங்கத் தூசியை அவ்வப்போது அகற்றினாலே காற்று நன்றாகும் என்று சொன்னார்கள். சரி, அகற்றுகிறவர் கதி? முந்தானையால் மூக்கை மூடினால் இந்தத் தூசி நிற்காது, சகோதரிகளே. என்95 மாதிரி முகத்தோடு ஒட்டி நிற்கிற மாஸ்க் வேண்டும். அதை வேலை கொடுக்கிறவர்தான் தர வேண்டும்.

இப்போது பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். கேரளாவில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ நம்ம குழுக்களைப் போன்ற பெண்கள் அமைப்பு. 2017 ஜூனில் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது நிலையங்களைச் சுத்தம் செய்வது, டிக்கெட் கொடுப்பது, தோட்டம், வண்டி நிறுத்துமிடம் என்று பல வேலைகளைக் குடும்பஸ்ரீ பெண்கள் எடுத்தார்கள். கொச்சியில் ரயில் தூண்களின் மேல் ஓடுகிறது, சுரங்கம் இல்லை. நம்ம சென்னையில் அதே 2017 மே மாதம் திருமங்கலத்தில் இருந்து நேரு பூங்கா வரை சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. கொச்சியில் கவனிக்க வேண்டியது, பெண்கள் தனித்தனி ஆளாக காண்டிராக்டரிடம் போய் நிற்கவில்லை, அமைப்பாகப் போய்ப் பேசினார்கள்.

அப்படிப் பேசப் போனால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கணக்குக்காக மாதச் சம்பளம் 10,000 ரூபாய் என்று வைப்போம். வேலை கொடுப்பவர் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாயும், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், அதாவது 325 ரூபாயும் மேலே கட்ட வேண்டும். நம்ம பங்காக 1,200-உம் 75-உம் பிடித்தது போகக் கைக்கு 8,725 வரும். 10 பேர் வேலை செய்தாலே இ.எஸ்.ஐ. உண்டு, 20 பேர் என்றால் பி.எஃப். கட்டாயம். ஒப்பந்தம் எடுப்பதே நம்ம கூட்டமைப்பு என்றால், ஆளுக்கு 10,000 என்று விலை எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு ஆளுக்கும் 1,525 ரூபாய் நம்ம கையில் இருந்து போகும். மாஸ்க், கையுறை, பூட்ஸ் செலவு தனி. குறைந்த விலை போட்டால் வேலை கிடைக்கும் என்கிற ஆசையில் பலர் சறுக்குவது இங்கேதான்.

வேலை இடத்தில் சில விஷயம். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றக் கூடாது, நெஞ்சை அடைக்கிற குளோரின் வாயு கிளம்பும். நகரும் படிக்கட்டின் பற்களில் குப்பை சிக்கினால், படிக்கட்டை நிறுத்திய பிறகே கை வைக்கவும். முந்தானை, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்ளவும், அல்லது மேலே கோட்டு போட்டுக்கொள்ளவும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். துப்புரவு வேலைக்குப் போகிற உறுப்பினர்கள் எத்தனை பேர்? சம்பளச் சீட்டு யாருக்கு வருகிறது? இ.எஸ்.ஐ. எண் யாருக்கு இருக்கிறது? இல்லாதவர்கள் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநர் கையில் கொடுத்துக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அனுப்பி வையுங்கள்.