கோபம் போன அப்பா, சீரியலுக்கு அழுவதேன்?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. ஒரு காலத்தில் காபி ஆறியிருந்தால் டம்ளர் பறக்கும். இப்போது எதற்கும் கோபமே வருவதில்லை. ஆனால் டி.வி. சீரியலில் யாராவது இறந்தால் கண் கலங்குகிறார். வயதானால் உணர்ச்சி மரத்துப்போகுமா, கூடுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: டம்ளர்கள் பிழைத்ததில் மகிழ்ச்சி! முதுமையில் உணர்ச்சி மரத்துப்போகும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை.

லெவன்சன், கார்ஸ்டென்சன், எக்மன் முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் 1991இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 71 முதல் 83 வயது வரையிலான 20 பேரிடம், ‘புருவத்தை இறக்குங்கள், உதட்டை அழுத்துங்கள்’ என்று தசை தசையாகச் சொல்லி முகத்தில் உணர்ச்சிகளை வரவழைத்தார்கள். பழைய சம்பவங்களையும் நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கூடவே தானியங்கி நரம்பு மண்டலத்தின் வேலையை, அதாவது நம்மைக் கேட்காமலே இதயத்தையும் வியர்வையையும் நடத்தும் நரம்புகளின் வேலையை, அளந்தார்கள். கோபத்துக்கு ஒரு விதம், பயத்துக்கு வேறு விதம் என்று உடல் மாறும் தினுசு இளைஞர்களிடம் இருந்த மாதிரியேதான் இருந்தது. மாற்றத்தின் அளவு மட்டும் குறைவு. பழசை நினைத்தபோது தாங்கள் உணர்ந்ததாக அவர்கள் சொன்னதோ இளைஞர்களுக்குச் சளைத்ததல்ல. அட்ரினலின் சுரந்தாலும் வயதான இதயம் முன்போல் துள்ளாது, அவ்வளவுதான்.

அப்படியானால் கோபம் எங்கே போனது? மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று தெரிந்தால், மனம் நெருங்கியவர்களிடமும் நிம்மதியிடமும் சாய்கிறது என்பது கார்ஸ்டென்சனின் விளக்கம். காபிக்காக மல்லுக்கு நிற்பது வீண் என்று தோன்றிவிடுகிறது. இதற்கு வயதேகூட வேண்டியதில்லை. 1997இல் ஹாங்காங் சீனாவின் கைக்கு மாறுவதற்குச் சற்று முன், ஒரு காலம் முடிகிறது என்ற நினைப்பில் அங்கிருந்த இளைஞர்களும் பெரியவர்களைப் போலவே, புது ஆட்களைவிட நெருங்கியவர்களோடு இருக்கவே விரும்பினார்கள். ஓராண்டு கழித்து அந்த விருப்பம் மறைந்துவிட்டது.

துக்கத்தின் கணக்கு வேறு. இழப்பைக் காட்டும் படத்துண்டுகளைப் பார்த்தபோது 20களில் இருப்பவர்களைவிட 60களில் இருப்பவர்களே அதிகம் வருந்தினார்கள். திரையில் யாரோ போனாலும், அப்பா தம் அண்ணனையோ நண்பரையோ நினைத்துக்கொள்ளலாம். கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். காரணமே இல்லாமல், நிறுத்த முடியாத அழுகை திடீரென்று வந்தாலோ, எதிலும் நாட்டமில்லாமல் வாரக்கணக்கில் முடங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பக்கவாதமோ மனச்சோர்வோ காரணமாக இருக்கலாம்.