இரத்தக் குழாயின் உட்சுவர்

இதயத் தளர்ச்சி இதயத்தோடு நின்றுவிடும் நோயன்று. இரத்தக் குழாய்களுக்கும் அதில் பங்குண்டு. அவற்றின் உட்சுவரில் உயிரணுக்கள் ஒரே அடுக்காகப் படர்ந்துள்ளன. வெறும் உறை என்றே பலர் அதனை எண்ணியிருந்தனர்.

நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை ஆராய்ந்து வந்தார். அசிட்டைல்கோலின் என்னும் பொருளை இட்டால் அவை சுருங்குவது வழக்கம். 1978-இல் ஒருநாள் விரிந்தன! ஏதோ பிழை என்று தள்ளிவிடாமல் அவர் காரணம் தேடினார். துண்டு நறுக்கும்போது உட்சுவர் உரசி அழிந்திருந்தால் சுருக்கம், அழியாதிருந்தால் விரிவு. ஆக, தசையைத் தளரச் சொல்லும் செய்தி அந்த மெல்லிய அடுக்கிலிருந்தே செல்கிறது. 1980-இல் இதை வெளியிட்டார். செய்தி கொண்டு செல்வது நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னர் தெளிவாயிற்று. வாகனப் புகையில் இருக்கும் வாயுவேதான்! 1998-இல் இக்னாரோ, முராத் ஆகியோருடன் நோபெல் பரிசு பெற்றார்.

இதயம் தளர்ந்தோரிடம் இவ்வாயு பெரும்பாலும் போதிய அளவு கிடைப்பதில்லை. குழாய்கள் இறுகி நிற்க, களைத்த இதயம் அந்த இறுக்கத்தை எதிர்த்தே இரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது.